சின்ன இடத்துக்கு எந்தத் தச்சு மேசை?

ஒரு தச்சு மேசையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மேலே ஒரு பலகையை முட்டுக் கொடுத்து வைத்து, இழைப்புளியைப் பிடித்து, இடுப்பின் பலத்தையும் சேர்த்து முன்னால் தள்ளிப் பாருங்கள். மரச்சுருள் எழுந்து வந்தால் அது தச்சு மேசை. மேசையே முன்னால் போனால் அதன் மேல் பொருள் வைக்கலாம், வேலை செய்ய முடியாது.

நான் முதலில் செய்தது இரண்டாவது வகை. அடியில் நான்கு சக்கரம், மூன்று இழுப்பறை, ஒரு ஓரத்தில் ரூட்டர் (மரத்தில் காடியும் விளிம்பு வடிவமும் செதுக்கும் மின்கருவி) பொருத்த வெட்டிய பள்ளம், இன்னொரு ஓரத்தில் மடக்கி விரிக்கும் நீட்டிப்புப் பலகை. சின்ன அறை என்பதால் எல்லாமே ஒன்றுக்குள் அடங்க வேண்டும் என்று நினைத்தேன். சக்கரங்களுக்குப் பூட்டு இருந்தது. ஆனால் அந்தப் பூட்டு சக்கரம் உருளாமல் தடுத்ததே தவிர, சக்கரத்தைத் தாங்கும் கவை திரும்புவதைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு தள்ளலுக்கும் மேசை ஒரு விரற்கடை அசைந்தது. எட்டு மாதம் அதோடு போராடிவிட்டு ஒரு நாள் சக்கரங்களைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் இழைக்கும் வேலையில் எனக்கு விருப்பமே வந்தது. புதிதாக மரவேலை தொடங்கும் பலர் தங்கள் கை சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் சரியில்லாதது கைக்குக் கீழே இருக்கும் மேசைதான். அதனால்தான் இந்த ஒப்பீட்டை இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியது.

மேசை எதனால் ஆடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். உளியைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது விசை நேராகக் கீழே இறங்குகிறது. காலுக்கு நேர் மேலே வைத்து அடித்தால் சாதாரண மேசையும் அதைத் தாங்கிவிடும். டிரில், சாண்டர் போன்ற மின்கருவிகள் மேசையைப் பெரிதாகச் சோதிப்பதில்லை. இழைப்புளியும் கைரம்பமும்தான் மேசையைப் பக்கவாட்டில் தள்ளவும் இழுக்கவும் செய்கின்றன. அந்த விசைக்கு மேசை இரண்டு விதமாகத் தோற்கலாம். எடை போதாமல் மொத்தமாகத் தரையில் வழுக்கலாம். அல்லது கால்கள் ஊன்றிய இடத்திலேயே நிற்க, செவ்வகமாக இருந்த சட்டகம் சாய்சதுரம் போலச் சரியலாம். முதல் குறைக்கு மருந்து எடை. இரண்டாவதற்கு எடை உதவாது. கால்களை இணைக்கும் அமைப்பு உறுதியாக இருக்க வேண்டும்.

எடைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வழுவழுப்பான தரையில் ஒரு மேசையை நகர்த்த, அதன் எடையில் பாதிக்கும் குறைவான தள்ளலே பெரும்பாலும் போதும். 15 கிலோ மேசை என்றால் 6, 7 கிலோ அளவுக்குத் தள்ளினாலே கிளம்பிவிடும். கடினமான மரத்தில் இழைப்புளியைத் தள்ளும்போது இதைவிட அதிகமாகவே கொடுக்கிறோம். மேசை 60 கிலோவுக்கு மேல் போய்விட்டால் அசைவு தெரியாது.

இந்தக் கண்ணோடு தேர்வுகளைப் பார்ப்போம்.

மடக்கு ஸ்டாண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் கதையே சின்ன இடத்தில் வேலை செய்தவர் ஒருவரின் கதை. லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், 1961-இல் வீட்டில் ஒரு அலமாரி செய்துகொண்டிருந்தபோது நாற்காலியைத் தாங்கியாக வைத்துப் பலகையை அறுத்தார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டது. அந்த இழப்பிலிருந்து பிறந்ததுதான் இரண்டு நீளமான தாடைகளே மேல்பலகையாகவும், துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸாகவும் இருக்கும் ‘வொர்க்மேட்’. நிறுவனங்கள் முதலில் அதை ஏற்கவில்லை. கருவிகள் தயாரிக்கும் பிளாக் அண்ட் டெக்கரும் மறுத்தது. தானே செய்து விற்றுக் காட்டிய பிறகு, 1970-களின் தொடக்கத்தில் அதே பிளாக் அண்ட் டெக்கர் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது.

அதன் பலம் பிடிப்பதில் இருக்கிறது. குழாய், கதவின் ஓரம், கோணலான துண்டு என்று எதைக் கொடுத்தாலும் இரண்டு தாடைகளும் கவ்விக்கொள்ளும். மடக்கினால் கதவுக்குப் பின்னால் நிற்கும். கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி நின்றால் நம் எடையும் மேசையின் எடையாகிவிடும் என்பது நுட்பமான ஏற்பாடு. ஆனால் மேல்பரப்பு சிறியது, நடுவில் இடைவெளி வேறு. ஒரு மீட்டர் பலகையை இழைக்க வேண்டும் என்றால் அல்லாட வேண்டியிருக்கும். வீட்டுப் பழுதுபார்ப்பு, எப்போதாவது ஒரு தட்டு, பறவைக் கூடு என்ற அளவில் வேலை இருப்பவருக்கு இதுவே போதும். மேசை கட்டுவதில் அவர் நேரம் செலவிடத் தேவையில்லை. ஏற்கெனவே பெரிய மேசை வைத்திருப்பவருக்கும் இது நல்ல துணை.

அடுத்தது சுவரில் கீல் போட்டு மடக்கும் மேசை. பயன்படுத்தாதபோது சுவரிலிருந்து ஒரு சாண்கூட வெளியே நிற்காது. இதைப் பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். இதன் பின்விளிம்பு சுவரோடு பிணைந்திருக்கிறது, அதனால் சுவரின் முழு எடையும் மேசைக்குத் துணை. சுவரை நோக்கித் தள்ளும் வேலையில் இது கனமான மேசைக்கு நிகராக நிற்கும். தொல்லை வருவது சுவருக்கு இணையாக, நீளவாக்கில் இழைக்கும்போது. அப்போது முன்கால்கள் தனியாகச் சரியப் பார்க்கும். இரண்டு முன்கால்களையும் ஒரே பிளைவுட் பலகையால் இணைத்து, அந்தப் பலகையையே மடங்கும் காலாகச் செய்துவிட்டால் இந்தச் சரிவு பெருமளவு நின்றுவிடும்.

சுவர்ப் பக்கம் கவனம் வேண்டும். கீலை நேரடியாகச் சுவரில் அடிக்கக் கூடாது. ஒரு தடித்த நீளச் சட்டத்தைச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் என்றால் ஆங்கர் போல்ட்டாலும், மரச்சட்டகச் சுவர் என்றால் உள்ளே நிற்கும் தூண் சட்டங்களிலும் முடுக்கி, கீலை அந்தச் சட்டத்தில் பொருத்த வேண்டும். வெறும் பூச்சைப் பிடித்த திருகாணி சில வாரங்களில் பொடியோடு கையில் வந்துவிடும். இன்னொன்று: அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர் என்றால் உளி அடிக்கும் ஒவ்வொரு ஓசையும் அந்தப் பக்கம் முழுதாகக் கேட்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இரண்டு தாங்கிகள் மேல் ஒரு பலகை. இதைத் தற்காலிக ஏற்பாடு என்று நினைப்போம். ஆனால் மேல்பலகையை உள்ளே கட்டம் கட்டமாகச் சட்டம் வைத்து, மேலும் கீழும் மெல்லிய பிளைவுட் ஒட்டிய பெட்டியாகச் செய்தால் கதை வேறு. அப்படிச் செய்த மேற்பரப்பு எடை குறைவாகவும் வளையாமலும் இருக்கும். ஒட்டும்போது அடியில் இருந்த தளம் எவ்வளவு மட்டமோ அவ்வளவு மட்டமாகவே பெட்டியும் அமையும். கோணலான தரையில் வைத்து ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். முழு பிளைவுட் தாள்களை வட்ட ரம்பத்தால் அறுப்பவர்களுக்கும், அலமாரி போன்ற பெரிய பொருள்களைக் கூட்டிப் பொருத்துபவர்களுக்கும் இதைவிடத் தோதான அமைப்பு எனக்குத் தெரியாது. இழைப்பதற்கு இது ஆகாது. எடையும் இல்லை, சரிவைத் தடுக்கும் இணைப்பும் இல்லை.

சக்கரம் வைத்த அலமாரி மேசையைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிட்டேன். மின்கருவிகளால் மட்டும் வேலை செய்பவருக்கு அது பொருந்தும். குறிப்பாக டேபிள் ஸாவின் (மேடையில் பொருத்திய வட்ட ரம்பம்) பின்னால், அறுபட்ட பலகை வந்து இறங்கும் மேசையாக. அந்தப் பயனுக்கு உயரத்தை ரம்ப மேடையைவிட 2, 3 மி.மீ. தாழ்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் பலகை நுனி தட்டி நிற்கும். சக்கரம் கட்டாயம் வேண்டும் என்றால், மிதித்தால் சக்கரம் மேலேறி மேசை தன் காலில் உட்காரும் வகையை வாங்குங்கள். பூட்டை நம்ப வேண்டாம்.

கடைசியாக, என் பரிந்துரை: அசையாத, கனமான, ஆனால் சின்ன மேசை. 120 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம். ஒரு சாப்பாட்டு மேசையைவிடச் சிறியதுதான். சுவரோரம் நிரந்தரமாக அந்த இடத்தை விட்டுக்கொடுக்க முடிந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பேன். பெரிய மேசை வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் வீட்டில் செய்யும் பொருள்களின் துண்டுகளில் பெரும்பாலானவை ஒரு மீட்டருக்குள் அடங்கும். நீளமானது வந்தால் ஒரு முனையைத் தாங்க மேற்சொன்ன தாங்கி ஒன்று போதும்.

இதை எப்படிக் கட்டுவது என்பதற்குப் பழைய வழிகள் மூன்று இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தச்சர் ரூபோ பதிவுசெய்த மேசையில் மேல்பலகை மிகத் தடிமன். கால்களின் மேல்முனையைச் செதுக்கிய கழுந்து அந்தப் பலகையின் துளைக்குள்ளேயே ஏறி நிற்கும். காலின் முன்முகமும் பலகையின் முன்விளிம்பும் ஒரே தளத்தில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீட்டர் நிக்கல்சன் விவரித்த ஆங்கிலேய மேசையில் மேல்பலகை மெல்லியது. முன்னும் பின்னும் இறங்கும் அகலமான பக்கப்பலகைகள்தான் விறைப்பைக் கொடுக்கின்றன. மொராவியன் மேசை என்பது ஆப்பு அடித்து இறுக்கி, ஆப்பைத் தட்டிக் கழற்றிப் பிரித்து எடுத்துப்போகும் வகை. வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும்.

தடித்த மரம் கிடைக்காதவர்க்கு நிக்கல்சன் வழி நல்லது. சாதாரண பைன் பலகைகளே போதும். ஆனால் கிளாம்ப் போடும்போது அகலமான பக்கப்பலகை குறுக்கே நிற்கும், அதுதான் அதன் தொல்லை. நான் செய்து வைத்திருப்பது எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தது: ரூபோ போல முன்கால்கள் விளிம்போடு ஒன்றாக, மேல்பலகை பிளைவுட், சட்டகத்தின் பின்பக்கம் முழுவதும் ஒரே பிளைவுட் பலகை. அந்தப் பின்பலகையை வலியுறுத்திச் சொல்கிறேன். மூலைவிட்டமாக ஒரு குச்சி அடிப்பதைவிட, 12 மி.மீ. பிளைவுட்டை நான்கு பக்கமும் சட்டத்தோடு ஒட்டித் திருகினால் சரிவு அடியோடு நின்றுவிடும். கீழே தட்டு வைத்துக் கருவிகளை அடுக்கினால் எடையும் கூடும்.

முன்கால் விளிம்போடு ஒன்றாக இருப்பது ஏன் முக்கியம் என்று நீளமான பலகையின் ஓரத்தை இழைக்கும் நாளில் தெரியும். பலகையின் ஒரு முனை வைஸில், மறுமுனை வலதுகாலில் ஒரு கிளாம்ப். அவ்வளவுதான், அசையாது. கால் உள்ளே தள்ளியிருந்தால் அந்த மறுமுனை அந்தரத்தில் தொங்கும்.

மேல்பலகை எதில் என்பது பலரும் அதிக நேரம் குழம்பும் இடம். முழுமரம் அழகு, எடை, பல முறை இழைத்து மட்டப்படுத்தலாம். ஆனால் 55 செ.மீ. அகலமுள்ள முழுமரப் பலகை, காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது 4 முதல் 6 மி.மீ. வரை அகலத்தில் விரிந்து சுருங்கக்கூடும். அதனால் அதைச் சட்டகத்தில் எல்லா இடத்திலும் இறுக்கக் கூடாது. முன்பக்கத்தில் இறுக்கிவிட்டு, பின்பக்கத் திருகாணிகளுக்கு நீளத் துளை போட்டுப் பலகை நகர வழிவிட வேண்டும். இதை மறந்தால் பலகை வெடிக்கும் அல்லது சட்டகம் கோணும். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை. 18 மி.மீ. தாள்கள் இரண்டை ஒட்டினால் 36 மி.மீ.; 120-க்கு 55 அளவில் அது மட்டும் 15 கிலோ அளவுக்கு வரும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால் இரண்டாவது அடுக்கைத் தவிர்க்க வேண்டாம். முடிந்தால் மூன்றாவதும் ஒட்டுங்கள். எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மேற்பரப்பில் மிகச் சமமானது, கனமானது. ஆனால் ஈரம் பட்டால் ஊதும், விளிம்பில் திருகாணி நிற்காது. இரண்டு பிளைவுட் அடுக்குக்கு மேல் மெல்லிய பலகை ஒன்றைத் திருகிவைத்து, தேய்ந்ததும் மாற்றுவது எனக்குப் பிடித்த வழி. அப்படி இருந்தால் ரம்பம் கொஞ்சம் பட்டாலும் மனம் பதறுவதில்லை.

மேற்பரப்புக்கு வழவழப்பான வார்னிஷ் வேண்டாம். வேலைத்துண்டு வழுக்கும். எண்ணெய் மட்டும் தேய்த்தால் போதும். சிந்திய பசையும் உரித்தால் வந்துவிடும்.

இனிப் பிடிப்பு. வாங்குவதில் அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்லும் ஒரே பொருள் வைஸ். எல்லா மேசையிலும் இரண்டு வைஸ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் படங்களைப் பார்த்து வருவது. சின்ன மேசைக்கு ஒன்று போதும். வலதுகைக்காரர் என்றால் முன்பக்கத்தின் இடது ஓரத்தில், ஏனென்றால் அவர் இழைப்பது வலமிருந்து இடமாக. ஏழு அங்குலத் தாடையுள்ள, விரைவில் திறந்து மூடும் இரும்பு வைஸ் பெரும்பாலோருக்குச் சரி. தாடைக்கு உள்ளே மரத்தட்டு பொருத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரும்பு மரத்தில் தடம் பதிக்கும். துண்டைத் தாடையின் ஒரு பக்கமாகக் கவ்வும்போது மறுபக்கத்தில் அதே தடிமனில் ஒரு சக்கை கொடுத்தால் தாடை கோணாது.

காலோடு சேர்ந்த மர வைஸ் பிடிப்பில் இன்னும் பலமானது, வெறும் திருகுதண்டு மட்டும் வாங்கினால் மீதியை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் தாடை கோணாமல் நிற்க, ஒவ்வொரு தடிமனுக்கும் கீழே குனிந்து அதன் அடியில் உள்ள ஊசியை வேறு துளைக்கு மாற்றிச் செருக வேண்டும். முதுகு ஒத்துழைத்தால் தேர்ந்தெடுங்கள்.

மேசையின் ஓர முனையில் பொருத்தும் இரண்டாவது வைஸுக்குப் பதிலாக நான் பயன்படுத்துவது ஹோல்ட்ஃபாஸ்ட். கொக்கி போன்ற இரும்பு, 19 மி.மீ. துளையில் செருகி மேலே ஒரு தட்டு. துண்டை அமுக்கிப் பிடிக்கும். பின்னால் ஒரு தட்டு, விட்டுவிடும். அது துளைக்குள் சாய்ந்து நெருக்கித்தான் பிடிக்கிறது, அதனால் பலகை மெலிந்திருந்தால் சரியாகப் பிடிக்காது. 36 மி.மீ. பிளைவுட்டில் துளை வரும் இடத்துக்குக் கீழே மட்டும் இன்னொரு கட்டையை ஒட்டிக்கொள்ளலாம். ஒரு முனையில் ‘வி’ வடிவம் வெட்டிய பலகைத்துண்டையும் சேர்த்தால் அகலமான பலகையை முட்டோடு நிறுத்திவைக்கலாம். தண்டவாள ரம்பம் (நீளமான வழிகாட்டிச் சட்டத்தின் மேல் ஓடும் வட்ட ரம்பம்) பயன்படுத்துபவர்கள் 20 மி.மீ. துளைகளை 96 மி.மீ. இடைவெளியில் கட்டமாகப் போடுவார்கள். அதற்கேற்ற கிளாம்புகளும் முட்டுகளும் அந்த அளவில்தான் கிடைக்கும். இரண்டு முறையையும் ஒரே மேசையில் கலக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது இழைப்புளியா வட்ட ரம்பமா என்பதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். துளைகளையும் ஒரே நாளில் எல்லாம் போட வேண்டாம். தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் போட்டால் தேவையான இடத்தில் மட்டும் இருக்கும்.

பல்நோக்கு என்ற பேச்சுக்கு இப்போது வருகிறேன். ரூட்டரை மேசைக்குள் பொருத்தினால் அந்த இடத்தில் உளி வேலை செய்ய முடியாது. அந்தப் பள்ளத்தில் தூள் நிறையும். ரூட்டர் வேலை நடக்கும்போது மேல்பரப்பைக் காலி செய்ய வேண்டும். அதே ரூட்டரை ஒரு தனிப் பலகையில் பொருத்தி, வேலை வரும்போது மட்டும் வைஸில் கவ்விக்கொண்டால் பயன் அதேதான், மேசையும் கெடாது. கைரம்பத்தால் குறுக்கே அறுக்க ஒரு சின்ன முட்டுப்பலகை, கூர்தீட்டும் கல்லை வைக்க ஒரு தட்டு, மேசை மேல் தூக்கி வைத்துக்கொள்ளும் இரண்டு திருகுள்ள மாக்ஸன் வைஸ் எல்லாமே அப்படித்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்தால் சுவரில் தொங்கட்டும்.

மாக்ஸன் வைஸுக்கு இன்னொரு பயன் உண்டு. இழைக்கத் தாழ்வான மேசை வேண்டும். உடம்பின் எடை மேலிருந்து இறங்கினால்தான் கை சோராது. நுணுக்கமாக மூட்டு அறுக்கவோ கோடு போடவோ உயரமான மேசை வேண்டும், கழுத்து குனியாதபடி. ஒரே உயரத்தில் இரண்டும் நடக்காது. மேசையைத் தாழ்வாக வைத்து, நுண்வேலைக்கு 12 செ.மீ. அளவில் உயர்ந்து நிற்கும் மாக்ஸன் வைஸை மேலே ஏற்றிக்கொண்டால் இரண்டும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

அறையைப் பிறரோடு பகிர்பவர் சுவரில் மடக்குவதைத் தேர்ந்தெடுக்கட்டும். பிளைவுட் அலமாரிகளே முழுவேலை என்றால் தாங்கிகளும் பெட்டிப்பலகையும். வருடத்துக்கு நாலைந்து நாள்தான் மரத்தைத் தொடுவேன் என்பவருக்கு மடக்கு ஸ்டாண்ட். மற்ற எல்லோருக்கும், கைக்கருவி கொஞ்சமாவது பிடிப்பவர்களுக்கு, அந்த 120-க்கு 55 மேசை.

உயரத்தை மட்டும் யார் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் சொன்னாலும். கையைத் தொங்கவிட்டு நின்றால் சுண்டுவிரலின் அடிமூட்டு வரும் உயரம் முழுநேரம் இழைப்பவருக்கு, மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம் கலந்து செய்பவருக்கு என்பது தொடங்கும் அளவு. 168 செ.மீ. உயரமுள்ளவருக்கு மணிக்கட்டுக் கணக்கு 80 செ.மீ.-ஐ ஒட்டி வரும். வேலை செய்யும்போது அணியும் செருப்போ காலணியோ போட்டுக்கொண்டு அளவெடுங்கள். பிறகு கால்களை அதைவிட 4 செ.மீ. நீளமாகவே வெட்டிக் கட்டுங்கள். கீழ்ச்சட்டத்தைத் தரையிலிருந்து போதிய உயரத்தில் வைத்துவிட்டால் பின்னால் குறைக்க இடம் இருக்கும். ஒரு மாதம் வேலை செய்யுங்கள். தோள் வலித்தால் மேசையைக் கவிழ்த்து, நான்கு கால்களிலும் ஒரே கோடு போட்டு 1 செ.மீ. அறுங்கள். மறுபடி ஒரு மாதம். எனக்கு இரண்டாவது முறை அறுத்த பிறகு சரியாக வந்தது.